சதுரங்க வல்லார் மீர் சுல்தான் கான்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் ஒரு சதுரங்க ஆட்டக்காரரின் வாழ்க்கைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவுவதில் தவறில்லை. புலவர், புரவலர், சீர்திருத்தச் செம்மல் ஆகியோரின் வாழ்க்கையை எழுதுவதே இத்தகைய மலர்களின் மரபு. ஆயினும் ஒருவர் ஒரு கலையைச் செவிவழியும் கைவழியும் கற்று, அக்கலைக்கென எழுதப்பட்ட நூல்களைப் பயிலாமலேயே, அந்நூல்களை எழுதியவர்களையே எதிரில் அமர்ந்து வென்றார் என்றால், அவரைப் பற்றி எண்ணிப் பார்க்க யாப்பு கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் நிறைய உண்டு. இலக்கணம் கற்றுப் பாடுவதா, பாடிப் பாடி இலக்கணத்தைக் கண்டடைவதா என்ற வாதம் எழாத கவியரங்கம் நம்மிடையே இல்லை. மீர் சுல்தான் கானின் வாழ்க்கை அவ்வாதத்துக்குத் தீர்ப்பு வழங்காது. வாதம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் சற்றே மாற்றி வைக்கும்.

சுல்தான் கான் 1903ஆம் ஆண்டு பிரிக்கப்படாத பஞ்சாபில் மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்தார். பழைய நூல்கள் சில 1905 என்றே குறிக்கின்றன. அவ்வூர் இன்று பாகிஸ்தானின் குஷாப் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் மியான் நிஜாமுதீன். நிலபுலன்களும், சமயப் பெரியோர் வழிவந்தவர் என்ற மதிப்பும் உடைய ஆவான் குடியினர். சிறுவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தந்தையாரே சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். இருபத்தொரு வயதில் பஞ்சாபில் அவரை வெல்லத்தக்கவர் எவருமில்லை என்ற நிலை வந்துவிட்டது.

அவர் கற்ற சதுரங்கம் இன்று நம் பள்ளிகளில் பிள்ளைகள் ஆடும் சதுரங்கம் அன்று. இதனை விளங்கிக்கொண்டால்தான் பின்னர் அவர் செய்ததன் அருமை புலப்படும். ஆகவே இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய முறையில் சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயலாம். அவர் பழகிய இந்திய முறையில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரே கட்டந்தான். ஐரோப்பிய முறையில் அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். இந்திய முறையில் அது கிடையாது. அதற்கு மாறாக, முற்றுகைக்கு ஆளாகாத அரசன் ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம். எதிர்க்கரையை எட்டிய சிப்பாய் ஐரோப்பாவில் ராணியாகிவிடும். இந்திய முறையிலோ அது எந்த நெடுவரிசையில் சென்றடைகிறதோ, அந்த வரிசைக்குரிய காயாக மட்டுமே உயரும். யானை நின்ற இடத்தை அடைந்தால் யானை, குதிரை நின்ற இடத்தை அடைந்தால் குதிரை. விதிகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டன. நம் பகுதியில் மரத்தடிப் பாறையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தின் விதி பக்கத்து ஊரில் மாறிவிடுவதைப் போன்றதே இது.

இவ்வேறுபாடுகள் சிறியவைபோல் தோன்றும். ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுபவை அவை. சிப்பாய் ஒவ்வோர் அடியாக நடப்பதால் இரு படைகளும் மோதிக்கொள்ள நெடுநேரம் ஆகும். அதுவரையில் ஆடுவோர் தத்தம் எல்லைக்குள்ளேயே காய்களை ஒழுங்குபடுத்துவர். ஐரோப்பிய ஆட்டத்திலோ நான்காம் ஐந்தாம் நகர்விலேயே கைகலப்பு நேரலாம். அங்கே ஒரு பிழை செய்தால் ஆட்டம் முடிந்துபோகும். ஆகவேதான் ஐரோப்பியர் தொடக்க நகர்வுகளை நூற்றாண்டுகளாக ஆராய்ந்து நூல் நூலாக எழுதி வைத்தனர். அந்நூல்களுக்கு இந்திய ஆட்டத்தில் வேலையே இல்லை. நம் புறத்திணை மரபில் வைத்துச் சொன்னால், வெட்சியும் வஞ்சியும் ஐரோப்பியருக்குப் பழகிய துறைகள். சுல்தான் கான் பயின்றது எயில் காக்கும் நொச்சியும், அதன்பின் நெடிது நீளும் தும்பையும். ஒப்புமையை இதற்குமேல் நீட்டினால் உடைந்துவிடும், இவ்வளவில் நிறுத்துகிறேன்.

இந்தியர் ஆட்டம் ஐரோப்பியருக்குப் புதிதன்று என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். 1814ஆம் ஆண்டிலேயே திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் தென்னாட்டவர் பம்பாயிலிருந்து, சதுரங்கத்தை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப விளக்கும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞருடன் நூற்றுக்கணக்கில் ஆடியவர் மகேஷ்சந்திர பானர்ஜி. சிப்பாய்களை ஓரடி ஓரடியாக நகர்த்திப் பின்னணியில் பிஷப்பை நிறுத்தும் அவரது ஆட்டவகையே இன்று உலகம் இந்தியத் தற்காப்பு என்று பெயரிட்டு ஆடுவதன் முன்னோடி. எனினும் இவ்விருவரும் ஐரோப்பாவுக்குச் சென்று போட்டிகளில் ஆடியவர்களல்லர்.

சுல்தான் கானை அழைத்துச் சென்றவர் சர் உமர் ஹயாத் கான் திவானா. சர்கோதாப் பகுதியின் பெருநிலக்கிழார். ஆங்கில ஆட்சிக்கு மிக வேண்டியவர். 1929 முதல் 1934 வரை இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர். பின்னாளில் பஞ்சாபின் முதலமைச்சரான கிஸர் ஹயாத் கான் இவருடைய மகனே. சர் உமர் சதுரங்கத்தில் பெருவிருப்புடையவர். சுல்தான் கானுக்கு உதவித்தொகையும் உறைவிடமும் உணவும் அளித்துத் தம் மாளிகையில் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைப் பயிற்றுவித்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களை வென்று, ஒன்றைச் சமன்செய்து, ஒன்றிலும் தோலாமல் முதலிடம் பெற்றார்.

1929 இளவேனிலில் புரவலருடன் இலண்டன் சேர்ந்தார். அங்கே அவருக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட சிறு பயிற்சிப் போட்டியில் கடைசி இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். இதில் வியப்பில்லை, தொடக்க நகர்வுகளின் நூலறிவு எதிரிகள் அனைவரிடமும் இருந்தது, அவரிடம் இல்லை. அதன்பின் வில்லியம் விண்டர், பிரெடரிக் யேட்ஸ் என்னும் இரு வல்லுநர்கள் அவருக்குச் சில காலம் பயிற்சி தந்தனர். அந்த ஆண்டின் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் நடைபெற்ற பிரித்தானிய வாகையர் போட்டியில் முதலிடம் பெற்று அவர் அனைவரையும் திகைக்க வைத்தார். கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்குச் சில திங்கள்களே ஆயின. பின்னர் 1932இலும் 1933இலும் அதே வாகையை மீண்டும் வென்றார். ஐரோப்பிய மண்ணில் ஐந்தாண்டுகூட அவர் தொடர்ந்து இருந்தாரல்லர். இடையில் ஒருமுறை தாயகம் திரும்பி 1930 மே மாதம் மீண்டும் சென்றார். ஆகவே நான்கு முறை நடந்திருக்கக்கூடிய போட்டிகளில் மூன்றை வென்றார் என்று அளப்பதைவிட, ஆடிய குறுகிய காலத்தின் உயரத்தைக் கொண்டே அவரை அளக்க வேண்டும்.

கப்பாப்ளாங்காவுடன் ஆடிய ஆட்டம்

1930 டிசம்பர் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகரில் தொடங்கிய போட்டியில் அவர் கியூபா நாட்டு ஹோசே ராவுல் கப்பாப்ளாங்காவை எதிர்கொண்டார். 1921 முதல் 1927 வரை உலக வாகையராக இருந்தவர் கப்பாப்ளாங்கா; தோல்வி காண்பதே அரிது என்று பெயர் பெற்றவர். இந்த ஒரே ஆட்டத்தைச் சற்று நிறுத்திப் பார்த்தாலே சுல்தான் கானின் மனம் எவ்வாறு இயங்கிற்று என்பது தெரியும். பலகையை எடுத்து வைத்துக்கொள்ளும் அன்பர்கள் உடன்வரலாம். இல்லாதோர்க்கும் விளங்குமாறு சொல்ல முயல்கிறேன்.

சுல்தான் கானுக்கு வெண்காய். முதல் நான்கு நகர்வுகள் எவரும் ஆடக்கூடியவை. ஐந்தாம் நகர்வில் அவர் தம் இடக்கோடிச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்தள்ளினார். பார்ப்பதற்கு வீண் நகர்வு. படையெடுத்து வருபவன் எதிரே நிற்க, வீட்டுப் புழக்கடைக்கு வேலி கட்டுவது போன்றது. ஆனால் கருங்காயின் பிஷப் வெளிப்பட்டு வந்து வெண்குதிரையைக் கட்டிப்போடும் வழி அதனால் அடைபட்டது. இதே சிறு நகர்வைப் பின்னர் ஆர்மீனியரான டைகிரான் பெட்ரோசியன் தம் ஆட்டத்தில் கைக்கொண்டார். 1980களின் தொடக்கத்தில் கேரி காஸ்பரோவ் இதைக்கொண்டு பல வெற்றிகளை ஈட்டினார். இன்று அது நூல்களில் பெட்ரோசியன் முறை என்றே வழங்கப்பெறுகிறது. நூல் பயிலாதவர் ஆடியது நூலில் ஏறிற்று. பெயர் மட்டும் வேறொருவருடையதாயிற்று. நாட்டுப்புறப் பாடலொன்று திரைப்படத்தில் ஒலித்தபின் அதனை யார் பாடலென்று கேட்டால் எல்லோரும் திரைப்பெயரையே சொல்வதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. ஓரடி ஓரடியாகவே சிப்பாயை நகர்த்திப் பழகிய கைக்கு அந்நகர்வு இயல்பாக வந்திருக்கும் என்பது என் கருத்து.

அடுத்த கட்டத்தில் சுல்தான் கான் தம் குதிரையைக் கொடுத்துக் கப்பாப்ளாங்காவின் பிஷப்களில் ஒன்றை வாங்கினார். இதனால் பிஷப் இரண்டும் வெண்பக்கத்தில் எஞ்சின. அதே வேளையில் ராணிப் பக்கத்து பிஷப் நெடுவரிசை திறந்துகொண்டது. அதன்வழியே கருங்காயின் யானைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மற்றெவராயினும் இந்நிலையில் அரசனைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைப்பர். சுல்தான் கான் அரசனை நடுவிலேயே விட்டுவிட்டு, மறுபக்கத்துச் சிப்பாய்களை அடுத்தடுத்து முன்தள்ளிக் கருங்குதிரையைப் பின்வாங்கச் செய்தார். அவ்வாட்டம் முழுவதிலும் அவர் கோட்டை கட்டவே இல்லை.

இருபத்தொன்றாம் நகர்வில் கப்பாப்ளாங்கா தம் யானையை வெண்ணரசனின் வரிசைக்குள்ளேயே பாயவிட்டார். அரசனுக்கு முற்றுகை. அடுத்த யானையும் பாய்ந்தது, மீண்டும் முற்றுகை. அவருடைய யானைகள் இரண்டும் வீழ, ஈடாக வெண்ராணி வீழ்ந்தது. கணக்கு வைப்போர் யானைக்கு ஐந்தும் ராணிக்கு ஒன்பதும் மதிப்புத் தருவர். ஆகவே வெண்பக்கத்துக்குச் சிறிது ஆதாயம். ஆனால் திறந்த வெளியில் தனித்து நிற்கும் அரசனை எதிரியின் ராணி விரட்டத் தொடங்கினால் அந்தக் கணக்கு உதவாது. கப்பாப்ளாங்கா நம்பியது அதனையே.

தந்திரம் வேறு, நெடுநோக்கு வேறு என்பதை இவ்விடத்தில் காணலாம். யானைகளைப் பலிகொடுத்து ராணியை வாங்கியது உடனடித் தந்திரம். அதன் பயன் நான்கைந்து நகர்வுகளுக்குள் கிடைத்தாக வேண்டும். சுல்தான் கான் பார்த்தது அந்த நான்கைந்துக்கு அப்பால். கருங்காயின் எஞ்சிய பிஷப், தன் படையின் சிப்பாய்கள் நடுவில் நிறுத்திய சுவருக்குப் பின்னால் வெளிவர வழியின்றி அடைபட்டிருந்தது. குதிரையோ பின்தள்ளப்பட்டு முதல் வரிசையில் நின்றது. ராணிக்குத் துணைவர எவருமில்லை. தனித்த ராணி எவ்வளவு விரைந்தாலும் ஒரே வேளையில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். வெண்ணரசன் ஓரடி எடுத்து வைத்தான். பிஷப் திரும்பிவந்து காவல் நின்றது. யானைகள் ஒன்றையொன்று தாங்கி நடுவில் நின்றன. அவ்வளவில் முற்றுகை ஓய்ந்தது.

அதன்பின் ஏறக்குறைய நாற்பது நகர்வுகள். கருங்காயின் ராணி இங்கும் அங்குமாக அலைய, யானைகள் இரண்டும் பிஷப்களும் சிப்பாய்களும் கட்டம் கட்டமாக இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தன. பார்வையாளர்க்கு இது சுவையற்றதாக இருந்திருக்கும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறையை நான் வகுப்பில் விளக்கும்போது, இவ்வாட்டத்தின் பிற்பகுதியை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. மாணவர் சிலர் சதுரங்கப் பலகையோடு வருவதும் உண்டு. அறுபத்தைந்தாம் நகர்வில் கப்பாப்ளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மேதை என்னும் சொல்லை எளிதில் வழங்காத அவர், பின்னாளில் சுல்தான் கானைக் குறிக்க அச்சொல்லையே பயன்படுத்தினார். அப்போட்டியில் மாக்ஸ் யூவே முதலிடமும் கப்பாப்ளாங்கா இரண்டாமிடமும் பெற, சுல்தான் கான் மூன்றாமிடம் பெற்றார்.

மற்ற வெற்றிகளை விரைந்து சொல்லிவிடலாம். 1930இல் லியேஜ் நகரப் போட்டியில் சேவியலி டார்டகோவருக்கு அடுத்து இரண்டாமிடம். 1931 ஜனவரியில் அதே டார்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டத் தொடரில் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து சமன். தொடர் சுல்தான் கானுக்கே. 1932இல் சாலோ ஃப்ளோருடன் ஆடிய ஆறாட்டத் தொடரில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வியுடன் சிறு வேறுபாட்டில் தோற்றார். 1930இல் ஹாம்பர்க், 1931இல் பிராக், 1933இல் ஃபோக்ஸ்டன் ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளிலும் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். அவற்றுள் பிராக் ஒலிம்பியாடே உச்சம்: பதினேழு ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி. ஃப்ளோரையும் அகிபா ரூபின்ஸ்டைனையும் வென்றார். அப்போதைய உலக வாகையர் அலெக்சாந்தர் அலேகினோடு சமன்செய்தார்.

இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஓர் இந்தியர் அமர்ந்த அந்த 1930ஆம் ஆண்டுதான் தண்டியிலும் வேதாரணியத்திலும் உப்பெடுத்தவர்கள் சிறைசென்ற ஆண்டு. சுல்தான் கான் இதுபற்றி என்ன எண்ணினார் என்பதற்கு எழுத்துச் சான்றேதும் நாம் காணவில்லை. அவர்தம் புரவலர் எப்பக்கம் நின்றார் என்பதில் ஐயமில்லை. ஆட்டக்காரரின் மௌனத்தைப் புரவலரின் கருத்தாகக் கொள்வது மட்டும் முறையன்று.

தளியின் தட்பத்தைக் கண்டு ஆங்கிலேயர் இதனைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். உண்மை இங்கிலாந்தின் குளிரோ சுல்தான் கானுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. முறைக்காய்ச்சல், சளி, தொண்டைப்புண் என்று ஓயாமல் நோயுற்றார். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டே பல போட்டிகளில் ஆடினார்.

பணியாளர் என்ற பெயர்

இனி எழுதப்போவது வாதத்துக்குரியது. அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன், 1933 ஒலிம்பியாடின்போது தம் அணியினர் சர் உமரின் இலண்டன் இல்லத்தில் விருந்துண்டதையும், அங்கே உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என்பதையும் பின்னாளில் எழுதிவைத்தார். வாகையர் ஒருவர் விருந்தினருக்கு உணவு பரிமாற நேர்ந்ததைக் கண்டு அவர்கள் கூசிப்போனார்களாம். இந்த ஒரு நிகழ்ச்சி நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டு, சுல்தான் கான் என்றாலே எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்ற சித்திரம் நிலைபெற்றுவிட்டது. 2020இல் டேனியல் கிங் அவரைப் பற்றி விரிவாக எழுதிய ஆங்கில நூலின் தலைப்பிலேயே பணியாளர் என்ற சொல் இடம்பெற்றது. அதனைக் கண்ட சுல்தான் கானின் குடும்பத்தார் வெளிப்படையாக மறுப்பு எழுதினர். தங்கள் முன்னோர் நிலவுடைமைக் குடியினர் என்றும், சர் உமரின் சதுரங்க அணியில் சேர்ந்து ஊதியம் பெற்றவரேயன்றி வீட்டு வேலைக்காரர் அல்லர் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

நான் குடும்பத்தாரின் பக்கமே சாய்கிறேன். காரணம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் வீட்டைச் சேர்ந்த இளையோர் எழுந்து பரிமாறுவது பண்பாடு. மூத்தவர் அமர்ந்திருக்க இளையவர் நிற்பது மரியாதை. அதனை மேசையில் அமர்ந்திருந்த அயலார் பணிவிடை என்று கண்டிருக்கலாம். இது ஊகமே, எனினும் ஃபைன் கண்டது ஒரு காட்சியை, அதன் பொருளைச் சேர்த்தவர் அவரே. எழுத்தறிவற்றவர் என்ற பேச்சும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஐரோப்பியச் சதுரங்க நூல்களை அவர் கற்றவரல்லர் என்பது உறுதி. ஆங்கில நூலைப் படியாதவர் எந்த எழுத்தையும் அறியாதவர் என்று முடிவு கட்டுவது எவ்வாறு பொருந்தும்? இந்த எல்லைப் பகுதியில் தமிழில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் முதியவர் ஒருவர், வீட்டில் கன்னட எழுத்தையோ தெலுங்கு எழுத்தையோ தடையின்றிப் படிப்பவராக இருக்கலாம். அலுவலகப் பதிவேட்டில் அவர் கல்லாதவர். அப்பதிவேட்டை மட்டும் வைத்து நாளை அவர் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் என்னவாகும்?

எனினும் ஊதியம் பெற்ற கலைஞர் என்பதனால் அவர் விடுதலை பெற்றவராகிவிடவில்லை. சங்ககாலப் பாணர் ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்று, மனம் ஒவ்வாதபோது மற்றொருவரை நாடிச் சென்றனர். பரிசில் நீட்டித்தால் கடிந்தும் பேசினர். சுல்தான் கானுக்குப் புரவலர் ஒருவரே. இலண்டனுக்குச் சென்றது புரவலர் சென்றதனால். அங்கே தங்கியது அவர் தங்கியதனால். 1933 டிசம்பரில் சர் உமர் தாயகம் திரும்பினார். மூன்றாம் முறையாகப் பிரித்தானிய வாகை சூடிய அதே ஆண்டில் சுல்தான் கானும் உடன் திரும்பினார். முப்பது வயதில், ஆற்றல் முதிர்ந்திருந்த பருவத்தில், ஐரோப்பியப் போட்டிகள் அவருக்கு முடிந்துபோயின.

அவரோடு அதே இல்லத்திலிருந்து ஆடிய பெண்மணி ஒருவரைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனம் வரவில்லை. குலாம் பாத்திமா. 1933இல் ஹேஸ்டிங்ஸில் நடந்த பிரித்தானிய மகளிர் வாகையர் போட்டியில் பத்து ஆட்டங்களை வென்று ஒன்றைச் சமன்செய்து, அடுத்து வந்தவரைவிட மூன்று புள்ளி முன்னின்று வாகை சூடினார். ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஆடவர் வாகையும் மகளிர் வாகையும் பஞ்சாபின் ஒரே இல்லத்தைச் சேர்ந்தன. சுல்தான் கானைப் பற்றி நூல்கள் உண்டு. பாத்திமாவைப் பற்றி எழுதுவோர் ஒரு பத்தியோடு முடித்துவிடுகின்றனர். இக்கட்டுரையும் அவ்வாறே செய்கிறது. இந்தியா திரும்பியதும் சுல்தான் கான் சிறையினின்று விடுபட்டவர்போல் உணர்ந்தார் என்ற செய்தி இவ்வம்மையார் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அந்த ஈரக்குளிரையே அவர் சிறையென்று கருதினாராம்.

1935இல் வி.கே. காடில்கர் என்பவரோடு பத்தாட்டத் தொடர் ஒன்று ஆடினார். ஒன்பதை வென்று ஒன்றைச் சமன்செய்தார். அதற்குப்பின் குறிப்பிடத்தக்க போட்டி எதிலும் அவரைக் காணவில்லை. சர்கோதாப் பகுதியில் சொந்த நிலத்தில் வேளாண்மை செய்தார். மனைவி மக்களுடன் நிறைவாக வாழ்ந்தார் என்பர். 1947இல் நாடு பிரிந்தபோது அவர் நிலம் பாகிஸ்தானில் அமைந்தது. மக்களுக்கு அவர் சதுரங்கம் பயிற்றவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படும் வேறெதையேனும் கற்றுக்கொள்ளும்படி மூத்த மகனிடம் கூறியதாக அம்மகனே பின்னர் தெரிவித்திருக்கிறார். இதனைக் கலையின்மீது கொண்ட கசப்பென்று சிலர் எழுதுவர். நிலத்தை நம்பி வாழும் எந்தத் தந்தையும் சொல்லும் சொல்லாகவே எனக்கு அது படுகிறது.

1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை முறைப்படி வழங்கத் தொடங்கியபோது, முதற்பட்டியலில் இருபத்தேழு பேர் இடம்பெற்றனர். ஆட்டக்களத்தைவிட்டு நெடுங்காலம் விலகியிருந்தோரும் அவர்களுள் உண்டு. சுல்தான் கானிடம் தோற்ற ரூபின்ஸ்டைன், டார்டகோவர், ஃப்ளோர் மூவரும் உண்டு. ரூபின்ஸ்டைன் 1932க்குப்பின் போட்டிகளில் ஆடவில்லை, ஆயினும் பழைய சிறப்பு கருதி அவருக்குப் பட்டம் தரப்பட்டது, தந்தது முறையே. அதே நியாயம் சர்கோதாவில் உயிரோடிருந்த சுல்தான் கானுக்கு எட்டவில்லை. அவர் பொருட்டுப் பரிந்துரைக்க இங்கிலாந்துக்கு அவர் அயலாராகிவிட்டார், இந்தியாவுக்கும் அயலாராகிவிட்டார், பாகிஸ்தானிலோ அப்போது சதுரங்கத்துக்குக் குரல் கொடுப்பார் குறைவு. பிற்காலத்தில் ஆர்பாட் ஈலோ தாம் வகுத்த தரமுறையால் பழைய ஆட்டக்காரர்களை மதிப்பிட்டபோது சுல்தான் கானுக்கு 2530 என்னும் எண்ணை வழங்கினார். அது கிராண்ட்மாஸ்டர்க்குரிய தரமே.

ஆர்.என். கோல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1965இல் அவருடைய ஆட்டங்களைத் தொகுத்து நூலாக்கினார். அடுத்த ஆண்டு, 1966 ஏப்ரல் 25ஆம் நாள், காசநோயால் சுல்தான் கான் சர்கோதாவில் காலமானார். இந்தியாவில் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1961இல், தமிழகத்தின் மானுவல் ஆரோன் முதல் இந்தியப் பன்னாட்டு மாஸ்டராகியிருந்தார். 1988இல் விசுவநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்பெயர்களை அறிவர். 2024 டிசம்பரில் உலக வாகை சூடிய குகேஷின் பெயரை அதனினும் நன்கறிவர். அதே 2024இன் பிப்ரவரியில் உலகக் கூட்டமைப்பு சுல்தான் கானுக்குச் சிறப்புக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவர் மறைந்து ஏறக்குறைய ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அவர் பெயர் இப்போது பதிவாகியுள்ளது.

கப்பாப்ளாங்காவுடன் அவர் ஆடிய அந்த ஆட்டத்தின் அறுபத்தைந்து நகர்வுகளும் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் பின்தொடர ஆங்கில அறிவு வேண்டியதில்லை. கட்டங்களுக்குரிய எட்டு எழுத்தும் எட்டு எண்ணும், காய்களுக்குரிய சில குறிகளும் தெரிந்தால் போதும். வட்டத்துக் கூட்டம் முடிந்த மாலையொன்றில் யாரேனும் பலகை கொண்டுவந்தால், ஐந்தாம் நகர்விலிருந்து நாம் தொடங்கலாம்.